பச்சையில் நின்ற முள்

எங்கள் வீட்டு ஹாலில் சோபா கிடையாது சார், காரின் பின் சீட்தான் கிடக்கிறது. என் மனைவி முனீஸ்வரி அதில் உட்கார்ந்துதான் டிவி பார்ப்பாள். வருகிறவர்கள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். என் கிறுக்கு அவளுக்குப் பழகிவிட்டது.

பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் அது. விளாங்குடியில் வீட்டு முன்னால் தகரக் கொட்டகை போட்டு, நானும் அவள் தம்பி ஜெயபாண்டியும் பந்தயத்துக்காக அதைப் பிரித்து மேய்ந்தோம். எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் ஆசைக்கு ஓட்டும் பந்தயம்தான். ஒரே காரை ஆளுக்கொரு சுற்று ஓட்டுவோம். எஞ்சினைப் பெரிதாக்க எனக்கு வசதியில்லை. கனத்தைக் குறைக்கக் கையும் ஸ்பேனரும் போதும். பின் சீட், ஏசி, ஸ்பீக்கர், கதவின் உள்தட்டு எல்லாம் வெளியே வந்தன. கோயிலில் முனீஸ்வரி வாங்கி வந்த எலுமிச்சம்பழத்தைக்கூட வண்டியில் கட்ட விடவில்லை, டயருக்கு அடியில் வைத்து நசுக்கச் சொன்னேன்.

"மச்சான், இன்னும் கழட்டுனா நாம ஓடித்தான் போகணும்" என்பான் ஜெயபாண்டி. பிரியமான பிள்ளை. என் சொல்லைத் தட்டமாட்டான்.

கடைசியில் தீயணைப்பு சிலிண்டர்தான் மிச்சம். அது இல்லாமல் வண்டியைத் தடத்தில் விடமாட்டார்கள். ஆனால் சோதிப்பவர்கள் பார்ப்பது அதன் தலையில் அழுத்தம் காட்டும் முள்ளை மட்டும்தான், பச்சையில் நின்றால் சரி. உள்ளே இருக்கும் பொடி நாலு கிலோ. அதைக் கொல்லையில் கொட்டிவிட்டு, முள்ளைப் பச்சையில் பசை வைத்து ஒட்டினேன். ஜெயபாண்டியிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவான், பயந்தவனுக்கு வேகம் வராது.

பந்தயத்தன்று கிளம்பும்போது முனீஸ்வரி கேட்டாள், "ஏங்க, தம்பிக்கு எல்லாம் பத்திரமாத்தான இருக்கு?"

"எல்லாம் மாட்டித்தான் இருக்கு" என்றேன். நான் பொய் பேசுகிற ஆள் இல்லை.

திருவாதவூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் தடம். அவன் சுற்றில் வண்டி வரப்பில் ஏறி, வேலிக்கு அந்தப் பக்கம் எனக்கு நேர் எதிரே ஒருக்களித்து விழுந்தது. பெட்ரோல் ஒழுகித் தீப்பிடித்தது. அவனுக்கு பெல்ட் கழலவில்லை. ஆனாலும் பதறவில்லை சார். சிலிண்டரை எடுத்தான், பின்னை உருவினான், தீயைப் பார்த்து அமுக்கினான். மறுபடியும் அமுக்கினான். பிறகு அதைத் திருப்பி முள்ளைப் பார்த்தான்.

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் மண்ணை வாரிக்கொண்டு ஓடினார்கள், யாராலும் பக்கத்தில் போக முடியவில்லை.

அவனை எடுத்த அன்று துட்டி வீட்டில் முனீஸ்வரி என் மேல் சாய்ந்து, "எம்புட்டுப் பாத்துப் பாத்துச் செஞ்சீங்க" என்று அழுதாள். அது தாங்காமல்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். நீங்கள் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். சிலிண்டரைக் காலி செய்தது நான். அவன் ஜெயிக்கவேண்டும் என்றுதான் செய்தேன், வேறு எண்ணமே கிடையாது.

கொட்டகையில் நிரம்பிய சிலிண்டர் இன்னொன்று இருக்கிறதே என்று கேட்கிறீர்கள். இருக்கிறது சார். என் சுற்றுக்கு மட்டும் அதை மாட்டிக்கொள்வேன். நான் கனத்த ஆள், எனக்கு நாலு கிலோ கூடினால் என்ன, குறைந்தால் என்ன.