நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. எங்கள் பிரிவில் இருப்பவை லேசாகச் சாய்ந்தாலே ஆளைக் கவிழ்த்துவிடும். தணிக்கைப் பிரிவுக்கு மட்டும் எப்படித்தான் நல்லதாகப் பார்த்து வாங்குகிறார்களோ. சரி மேடம், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

பத்தொன்பது வருடமாக இந்த நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கித்தரும் மென்பொருள் அவற்றில்தான் ஓடுகிறது. திடீரென்று டிஸ்க் நிரம்பும், இல்லையென்றால் ஏதாவது ஒரு சர்வர் அசையாமல் உட்கார்ந்துவிடும். உடனே மூன்று மாடியிலிருந்தும் எனக்குப் போன் வரும். போய் நாலு கட்டளை தட்டுவேன், எழுந்துவிடும். மேலாளர் என் தோளைத் தட்டி, "நீங்க இல்லாட்டி நாங்க திண்டாடிப் போயிடுவோம்" என்பார். அதைக் கேட்க எனக்கு மதியச் சாப்பாட்டைவிடப் பிடிக்கும். என் தொப்பையைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று உங்களுக்கே புரியும்.

மச்சினனை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். என் மனைவியின் ஒரே தம்பி, கெட்டிக்காரன். அலுவலகத்தில் அவனை 'ஸ்பீடு' என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்த ஆறே மாதத்தில், நான் கையால் செய்துவந்த ஒவ்வொரு வேலைக்கும், அதைத் தானாகவே செய்துமுடிக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டான். டிஸ்க் நிரம்புவதற்கு முன்பே ஒன்று பழைய கோப்புகளை அள்ளிக் கொட்டியது. சர்வர் நின்றால் இன்னொன்று அதைத் தட்டி எழுப்பியது. எனக்கு வரும் போன் நின்றுபோனது. முதல் வாரம் போன்தான் கெட்டுவிட்டதென்று நினைத்து, பக்கத்து மேசையிலிருந்து என் எண்ணுக்கு நானே அடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் மணி அடித்தது.

ஸ்பீடுக்குக் கர்வம் என்பதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து எனக்கும் சொல்லிக்கொடுத்தான்.

"ரொம்ப ஈசி மாமா. நீங்க கையால என்னென்ன தட்டுவீங்களோ, அதையே வரிசையா எழுதுங்க. மிச்சத்த அது பாத்துக்கும்."

நான் எத்தனை தப்புச் செய்தாலும் ஒரு தடவைகூட அவன் முகம் சுளித்ததில்லை. தான் விடுப்பில் போகும் நாட்களில் நான் பார்த்துக்கொள்வதற்காகத் தன்னுடைய கடவுச்சொல்லையும் கொடுத்துவைத்தான். விதிப்படி அது தவறு. அவனைக் கண்டித்தேன். பிறகு குறித்துக்கொண்டேன்.

நான் சொந்தமாக எழுதிய முதல் ஸ்கிரிப்ட் மொத்தம் பதினோரு வரி. வாரத்தில் ஏதாவது ஒரு நாள், காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், ஏதாவது ஒரு சர்வரை நிறுத்தும். எழுப்பிவிடும் ஸ்கிரிப்டை அதற்கு முன்பே தூங்கவைத்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தொந்தரவு கூடாது என்று உள்ளேயே குறிப்பும் எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். என் கணினியில் இருந்தபடியே அது ஸ்பீடின் பெயரில் உள்ளே போகும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. என் பெயரில் போனால் என்னையல்லவா பிடிப்பார்கள்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. எது நின்றாலும், கடைசியாக யாருடைய பயனர் கணக்கு அதைத் தொட்டதோ அவர் பெயரை வெள்ளைப் பலகையில் எழுதுவோம். யாரையும் திட்டுவதற்காக இல்லை, அடுத்த தடவை கவனமாக இருக்கட்டும் என்றுதான். இரண்டு மாதத்தில் பலகையில் வேறு பெயரே இல்லை.

நோயாளிகள் வரவேற்பறையில் காத்துக் கிடந்தார்கள் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தடவைகூட இருபது நிமிடத்துக்கு மேல் போகவில்லை. இரண்டே நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம்தான். அவ்வளவு சீக்கிரம் சரியானால் யாருக்கும் வேலையின் அருமை தெரிவதில்லை.

ஸ்பீடு இளைத்துப்போனான். தன்னுடைய ஸ்கிரிப்டுகளையெல்லாம் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்து, அதே சாப்பாட்டு மேசையில் பரப்பி, வரி வரியாகப் பேனாவால் தேடினான். இல்லாத பிழையைத் தேடுவது மிகவும் கஷ்டமான வேலை. துணைக்கு நானும் உட்கார்ந்து தேடினேன்.

"எங்க தப்பு பண்றேன்னே தெரியல மாமா. எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நீங்க கொஞ்சம் என்னன்னு பாக்கக் கூடாதா? புள்ள சரியா சாப்பிடறதுகூட இல்ல."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

அன்றைக்கு எனக்கு மனசு வலித்தது மேடம், பொய் சொல்லவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக ஸ்கிரிப்டை அழித்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பிப் போனேன். பத்தே முக்காலுக்குப் போன் அடித்தது. அந்தப் பக்கம் மேலாளர், "நல்லவேளை, இருக்கீங்களா" என்றார். அதன் பிறகு அழிப்பது மறந்துபோய்விட்டது.

நீங்கள் என்னைக் கண்டுபிடித்த விதத்தைப் பாராட்டத்தான் வேண்டும். நான் விடுப்பில் இருக்கும் நாளில் ஓடக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். நான் இல்லாதபோது சர்வர் நின்று யாருக்கு என்ன பிரயோசனம்? மஞ்சள்காமாலையில் நான் படுத்திருந்த மூன்று வாரமும் எதுவுமே நிற்கவில்லை. எங்கள் மேலாளர் அதை என் முன்னேற்பாட்டின் பலன் என்று எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். நீங்கள் ஒருவர்தான் சர்வர் நின்ற தேதிகளையும் என் வருகைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள்.

போன திங்கட்கிழமை ஸ்பீடு வேலையை விட்டுவிட்டான். இனிமேல் கணினிப் பக்கமே போகப்போவதில்லையாம். எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "இது எனக்கு வராது மாமா" என்றான். அவன் தோளைத் தட்டி, "எல்லாருக்கும் வந்துடாது மச்சான், விடு" என்று ஆறுதல் சொன்னேன். அவன் அழுதுவிட்டான்.

வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் என்னுடையது, சர்வர்களை நிறுத்தியது நான், பழியை அவன் பெயரில் போட்டதும் நான். எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். கடைசிப் பத்தியில் 'மச்சினனுக்குத் துரோகம் செய்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். பதினேழு தடவை சர்வர் நின்றது. பதினேழு தடவையும் அவன் பதறிப்போய் முதலில் கூப்பிட்டது யாரை என்று அவனையே கேட்டுப் பாருங்கள்.