ஆறிப்போன கால்

கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்குப் போன பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் செருப்பைக் கழற்றிக் கால்விரல்களை விரித்துக் காட்டினாள்.

“சேத்துப்புண்ணு ஆறிருச்சுன்னு ஏசுறாங்கக்கா!”

“யாரு?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“புது மருந்து பூசிப் பாக்குற டொக்டர்மாருதான். எனக்கும் மாமியாவுக்கும் ஆளுக்கொரு டியூப் குடுத்தாங்க. சில டியூப்புல மருந்தே இருக்காதாம். எதுலன்னு சொல்ல மாட்டாங்களாம்.”

“அப்புறம்?”

“ரெண்டையும் ஒரே கிண்ணத்துல பிதுக்கிக் கலந்து பூசிக்கிட்டோம். வயசான மனுசி வெறும் களிம்பைப் பூசிக்கிட்டு நொண்டணுமா? இன்னைக்கு அதச் சொன்னதும் எங்க ரெண்டு பேரு பேரையும் லிஸ்ட்டுலருந்து வெட்டிட்டாங்க.”

“ஒன் நாத்தனாரும் சேந்தாளே?”

“அவ டொக்டர்மாரு சொன்னபடியே பூசுனா. விரலிடுக்கெல்லாம் இன்னும் வெடிச்சுக் கெடக்கு. அவளத்தான் கெட்டிக்காரின்னு மெச்சுறாங்க!”