பிள்ளை எடுத்துக்கொள்கிற இரும்பு

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற கரி பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி, பஸ்ஸின் பின்னால் இருந்த கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். எதிர் சீட்டில் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற ஒரு பெண், பக்கத்தில் அவள் அம்மா.

"காத்து கருப்பு அண்டாம கைல இரும்பு வெச்சிருக்கறயா, சாமி?" என்று மகளைக் கேட்டாள் அம்மா.

"கைல இருக்குது. ஒடம்புலதான் இல்லையாமா."

நான் வெளியே பார்ப்பதுபோல் காதைக் கொடுத்தேன்.

"டாக்டரம்மா சொன்னாங்க. வயித்துப் புள்ள என்னோட ரத்தத்துல இருக்கற இரும்ப எடுத்துச் சேத்து வெச்சுக்குதாமா. பொறந்து பால் குடிக்கற காலத்துல அத வெச்சுத்தான் பொழைக்கோணுமாமா."

"புள்ளையா, கொல்லம்பட்டறையா? செரி, மருந்து குடுக்கலையா?"

"குடுத்தாங்க. குடிச்சா வெளிக்குக் கருப்பாப் போச்சு. புள்ளையும் கருப்பாப் பொறந்துருமுன்னு அத்தை சாக்கடைல ஊத்திட்டாங்க."

"இத இப்பத்தான் சொல்றயா? கண்ணக் காட்டு."

அந்த அம்மா மகளின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை, எனக்கே தெரிந்தது. பஸ் எப்போது கிளம்புமோ என்று என் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

கண்டக்டர் ஏறியதும் அந்த அம்மா கேட்டாள். "ஏனுங்க, நாமக்கல்லுல ஆசுபத்திரிகிட்ட எறக்கி உடுவீங்களா?"

"எருமப்பட்டி பஸ்ஸப் புடிக்கோணும்னீங்க?"

"ஊரு எங்கீங்க போயிருது? அப்பறம் போய்க்கறோம்."

மகள் முந்தானையை முறுக்கினாள். "மருந்து குடிச்சுப் புள்ள கருப்பாப் பொறந்தா அத்தை பேசுவாங்கம்மா."

"பேசட்டும். அதக் கேக்கறதுக்கு நீ இருக்கோணுமல்ல."