கம்பத்தைச் சுற்றிய சாமந்தி

மாலை ஆறரை இருக்கும். பூப்பண்ணைக்குப் போகும் மண்சாலையில் ஈ காக்கை இல்லை. அத்தான் மட்டும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். என் சிநேகிதனுடைய அக்காவைக் கட்டியவர், அந்தப் பண்ணையில்தான் வேலை. சிரிக்காதே, கேள்... ஆள் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை.

பண்ணையில் உயரமான சுவர் சூழ்ந்த வட்டத் தோட்டம். நடுவில் கம்பம், உச்சியில் கதிர் வீசும் கோபால்ட் உலோகம். சுற்றி வளையம் வளையமாகச் சாமந்தி. கோபால்ட்டின் கதிர் பட்டால் செடியின் குணமே மாறிவிடும். கம்பத்தை ஒட்டியது கருகும். நடு வளையத்தில்தான் வேடிக்கை: மஞ்சள் செடியில் பாதி இளஞ்சிவப்பாக ஒரு பூ எட்டிப் பார்க்கும். மனிதன் மேல் அதிகம் பட்டால்? ஆள் காலி. அதனால் கோபால்ட்டைக் குழிக்குள் இறக்கி, சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் உள்ளே போகவேண்டும்.

அத்தான் வெளியே நின்று கோபால்ட்டை இறக்கும் விசையைத் திருப்பினார். கிர்ர்ர்... டக். விளக்கு எரியவில்லை. கதவைத் திறந்தார். வீட்டில் மனைவி நிறைமாதம், சீக்கிரம் திரும்பும் அவசரம்.

நாலு எட்டு வைத்திருப்பார். நெஞ்சில் ஏதோ அழுத்தியது. சில்லென்று... ஈரமாக. எதிரே யாருமில்லை. புளித்த பால் வாசனை மட்டும். இவர் முன்னால் தள்ள, அது பின்னால் தள்ள... கதவுக்கு வெளியே, சுவரோரம் மல்லாந்து விழுந்தார். திறந்த கதவு வழியே அப்போதுதான் கவனித்தார். கோபால்ட் தொங்கும் கம்பி பாதியில் சிக்கி நின்றது. கோபால்ட் இன்னும் மேலேதான். விளக்கு அணையவில்லை... பல்பு போயிருந்தது.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "இப்போதைக்கு ஒண்ணுமில்ல. பொறுத்துத்தான் பார்க்கணும்."

எப்படிப் பொறுப்பது? அத்தான் படுப்பார், எழுவார், கண்ணாடி முன் நின்று தலைமுடியை இழுத்துப் பார்ப்பார்.

"ஒரு இடத்துல உட்கார மாட்டீங்களா? புள்ள பெறப்போறது நானா, நீங்களா?" என்றாள் மனைவி.

பிள்ளை முகம் பார்க்காமலே போய்விடுவோமோ என்பதுதான் அவர் பயம்.

கதிர் பட்டால் கறுக்கும் சின்ன பிலிம் ஒன்று அவர் சட்டையின் நெஞ்சுப் பக்கம் எப்போதும் இருக்கும். ஆய்வகத்தில் அதைக் கழுவிப் பார்த்தவர் ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"என்னங்க இது... வீட்டுல குழந்தை எடுத்து விளையாடுச்சா?"

"இன்னும் பொறக்கவே இல்லையே..."

பிலிம் முழுக்கக் கன்னங்கரேல். நடுவில் மட்டும் கதிர் படாத வெளுப்பு. ஒரு பிஞ்சுக் கை, அழுத்தி வைத்த மாதிரி.

அத்தான் விரல்களை எண்ணினார். நடு வளையத்துப் பூவை நினைத்தபடி மறுபடி எண்ணினார்.

ஆறு.