பாதிக் குரைப்பு

— அதான் போன்லயே சொன்னேனேம்மா. பாடத்துல என்ன சந்தேகம்னாலும் என்கிட்ட கேளு. பாடத்துல வர்ற குரல் என் வீட்டுக்காரியோடதுதான், இல்லேங்கல. ஆனா அவ யாரையும் பார்க்கமாட்டா.

— தெரியும் சார். மனசு கேட்கல, வந்துட்டேன். எனக்கு உ… உ…

— உதவி வேணும். புரியுது.

— இல்ல சார். உட்காரணும். மூணு மாடி ஏறி வந்திருக்கேன்.

— அடடா, உட்காரு, உட்காரு. அந்த மைக்கை மட்டும் இடிச்சுடாதே. பாரும்மா, நாங்க பாடம் பதியற அறை இதுதான். சத்தம் வரும்னு ஃபேன் மாட்டல, வேர்க்கும், பொறுத்துக்க. கையில கறுப்புக் கோட்டு இருக்கே, வக்கீலா?

— வக்கீல்தான். கோர்ட்டுல இன்னும் வாயைத் திறந்ததில்ல. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ்லயே படிச்சவ சார் நான். சட்டத்துக்கு வேண்டிய இங்கிலீஷ் மொத்தமும் உங்க ஆடியோ கேட்டுத்தான் கத்துக்கிட்டேன். பஸ்ல போறப்ப, சமைக்கறப்ப, துணி காயப் போடறப்ப. வீடியோவும் பார்ப்பேன். அதுல மேடத்தோட கை மட்டும்தான் வரும், போர்டுல எழுதிட்டே இருக்கும். அந்தக் கையைப் பார்த்தாலே ஒரு தெம்பு.

— கேட்கவே சந்தோஷமா இருக்கும்மா. அப்புறம் என்ன குறை?

— நாளைக்கு ஒரு ஜாமீன் மனு. ஸ்கூல்ல கூட்டித் துடைக்கற அம்மா. டீச்சரோட வளையலைக் காணோம்னு தூக்கி உள்ள வச்சுட்டாங்க. வீட்டுல கைக்குழந்தை. "நீயே பேசும்மா, உனக்குத்தான் என் கதை தெரியும்"னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. எங்க சீனியர் என்னடான்னா, "நீ ஃபைலைப் பிடிச்சுக்க, வேற ஆள் பேசட்டும்"ங்கறார். நான் பேச ஆரம்பிச்சாலே அவர் கடிகாரத்தைப் பார்க்கறார். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்.

— அந்த அம்மா வெளிய வந்தா சரிதானே? யார் பேசினா என்ன?

— அந்த வேற ஆளுக்கு அந்த அம்மா பேரே வாயில நுழையல சார். ரெண்டு தடவை தப்பாச் சொல்லிட்டார். கைக்குழந்தை இருக்குன்னே அவருக்குத் தெரியாது.

— ம். உனக்குப் பேச்சு எங்க மாட்டுது?

— எங்க வேணா மாட்டும். ஜட்ஜு முன்னாடின்னா எடுத்த எடுப்புலயே மாட்டும். "மை லார்ட்"னு ஆரம்பிக்கணுமே, அங்கயே எனக்கு மூ… மூ…

— மூஞ்சி வேர்த்துடும்.

— மூச்சு நின்னுடும்னு சொல்ல வந்தேன். பரவாயில்ல சார், எல்லாரும் இப்படித்தான் எனக்காக முடிச்சு விடுவாங்க.

— தப்பா எடுத்துக்காதேம்மா. பழக்க தோஷம்.

— மேடம் அதே வார்த்தையைக் கணீர்னு சொல்றாங்க. எட்டாம் பாடம், ஜாமீன் பாடம். எனக்கு அது தலைகீழ்ப் பாடம் சார். அவங்க எங்க மூச்சு இழுக்கறாங்க, எங்க எச்சில் முழுங்கறாங்க, எங்க நாய் குரைக்குது, எல்லாம் சொல்லுவேன்.

— எந்த நாய்?

— "மை லார்ட்"டுக்கு முன்னாடி வெளிய ஒரு நாய் குரைக்க ஆரம்பிக்குதே. பாதிக் குரைப்புதான் இருக்கு. மீதி வரவே இல்ல.

— அது… தெரு நாயா இருக்கும். யாராவது அடிச்சு விரட்டியிருப்பாங்க.

— அடிச்சா இன்னும் ஜாஸ்தி கத்துமே சார்.

— பாரும்மா, இத்தனை வருஷத்துல அந்தப் பாடத்தை எத்தனையோ பேர் கேட்டிருக்காங்க. ஒருத்தர் காதுலயும் அந்த நாய் விழுந்ததில்ல.

— அவங்களை ஒரே ஒரு தடவை பார்க்கணும். எங்கயும் தட்டாம எப்படிச் சொல்றீங்கன்னு கேட்கணும். கேட்டுட்டுப் போயிடறேன்.

— பார்க்கமாட்டாம்மா. கோச்சுக்காதே. பெரிய பெரிய ஆளுங்ககூட இந்த நாற்காலியிலேர்ந்தே திரும்பிப் போயிருக்காங்க.

— யா… யா… யாருங்க வந்திருக்கறது?

— சார், உள்ள யாரோ என்னைக் கிண்டல் பண்றாங்க.

— ஐயோ, இல்லம்மா.

— நான் பேசற மாதிரியே பேசிக் காட்டறாங்களே. சின்ன வயசுலேர்ந்து பார்த்துப் புளிச்சுப் போச்சு சார். வீடு தேடி வந்தவளையுமா? வேண்டாம். நான் மா… மா…

— மாத்திரை ஏதாவது வேணுமா? தண்ணி கொண்டு வரட்டுமா?

— மாடி இறங்கறேன் சார்.

— நில்லும்மா, நில்லு. கிண்டல் இல்ல. நீ தேடி வந்த குரலே அதுதான்.

— என்ன சொல்றீங்க?

— அவளும் வக்கீலுக்குப் படிச்சவதான். கோர்ட்டுல முதல் நாள் எழுந்து நின்னு வாயைத் திறந்தா, பின் பெஞ்சுல ஒரே சிரிப்பு. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழட்டினவ திரும்பப் போடவே இல்ல. அவ படிச்ச படிப்பு வீணாப் போகுதேன்னு எனக்கு வயித்தெரிச்சல். எனக்குத் தெரிஞ்சது பதிஞ்சதை வெட்டி ஒட்டற வேலை ஒண்ணுதான். அவ பேசுவா, அவ திக்கற இடத்தையெல்லாம் நான் வெட்டிடுவேன். வீடியோல முகத்தைக் காட்டினா வெட்டின இடத்துல உதடு குதிக்கும். அதான் கையை மட்டும் எடுத்தேன். எட்டாம் பாடத்துல அந்த "மை லார்ட்" வர்றதுக்குள்ள ரொம்ப நேரமாயிடுச்சு. அந்த நேரம் பார்த்து நாய் குரைச்சுது. அவ திக்கினதை வெட்டினேன், நாயும் பாதி போச்சு.

— அப்ப இத்தனை நாளா நான் மேடத்தைப் பார்த்துப் பழகல. உங்க கத்திரியைப் பார்த்துப் பழகியிருக்கேன்.

— அவ நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்.

— தெரியுது சார். ஆனா அவங்களால முடியுது, நமக்கு மட்டும் ஏன் இப்படின்னு எத்தனை தடவை அழுதிருக்கேன் தெரியுமா? அந்த நாயை முழுசாக் குரைக்க விட்டிருந்தீங்கன்னா நான் எப்பவோ வாயைத் திறந்திருப்பேன்.

— நான் அப்படி யோசிக்கவே இல்லம்மா.

— மேடம், கதவுக்குப் பின்னாடிதான் நிக்கறீங்கன்னு தெரியுது. கேட்க வந்ததை இனிமே கேட்க வேண்டியதில்ல. நானே பேசறேன்னு சீனியர்கிட்ட சொல்லிடறேன். நீங்க நாளைக்கு அந்தப் பின் பெஞ்சுல வந்து உட்கார்ந்தா போதும். எல்லாரும் சிரிக்கறப்ப, சிரிக்காத முகம் ஒண்ணு எனக்குக் கண்ணுல படணும்.

— அவ எப்படிம்மா வருவா? கோர்ட்டுன்னாலே அவளுக்கு உடம்பு நடுங்கும், கூட்டம்னா…

— எ… எத்தனை மணிக்கும்மா?

— பத்தரைக்கு மேடம்.

— நீ எதுக்கு எழுந்து வந்தே? நான்தான் பேசிட்டிருக்கேன்ல? பாரும்மா, இத்தனை வருஷமா ஒருத்தரையும் பார்க்கமாட்டேன்னு இருந்தவ, இப்ப உன்னைக் கண்டதும்…

— பார்க்கமாட்டேன்னு நா… நான் எப்பங்க சொன்னேன்? ஒவ்வொரு தடவையும் நான் வா… வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்களே பதில் சொல்லி அனுப்பிட்டீங்க.