கலவைத் திருகில் விட்ட சாவி

பெயர், உரிமத்தில் உள்ளபடி. வயது இருபத்தாறு. தொழில், கார் பழுது பார்த்தலும் புகைச் சோதனையும். முகவரி, அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்கு மேல்மாடி.

முதல் நாள் விசாரணையில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் சொல்கிறேன். மருந்துக் கடைக்காரரின் பழைய ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் காரில் பெட்ரோலும் காற்றும் சேரும் கலவையைச் சரிசெய்து சோதித்தவள் நான். சான்றிதழில் கையெழுத்து மட்டும் அண்ணனுடையது. சோதனை செய்வதற்கான தேர்வில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தேறினேன். உரிமத்தில் என் பெயர் இரண்டாவதாக உள்ளது. ஆனாலும் பெண் கை வைத்தது என்று தெரிந்தால் சிலர் வண்டியைத் திருப்பி எடுத்துப் போய்விடுவதால், நான் வேலை செய்வேன், அண்ணன் கையெழுத்திடுவார். விசாரணையன்று அவர் தலைகுனிந்து நின்றபோதும் நான் வாய் திறக்கவில்லை.

நான் சோதித்தபோது புகையில் கார்பன் மோனாக்சைடு அளவு 1.2 சதவீதம். எட்டு நாள் கழித்துச் சாலைச் சோதனையில் அதே கார் 5.8 காட்டியது. வரம்பு மூன்று. சோதிக்காமலே சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள் என்றும், வண்டியை எடுத்துச் சென்ற பிறகு பானெட்டை யாரும் திறக்கவே இல்லை என்றும் கடைக்காரர் எழுதிக் கொடுத்ததால், உரிமம் நிறுத்திவைக்கப்பட்டு, பதினோரு நாள் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. புகார் உறுதியானால் உரிமம் ஒரேயடியாகப் போய்விடும்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, வாகன ஆய்வாளர் முன்னிலையில் மறுசோதனைக்கு வந்தோம். வேலை செய்தது நான்தான் என்று அங்கேதான் சொன்னேன்.

"பாப்பா கையில எப்பப் பாத்தாலும் ஒரு புத்தகம் இருக்கும். அதான் கதை நல்லா வருது," என்றார் கடைக்காரர்.

"அவ படிச்சதே உங்க வண்டியோட மேனுவல்தான் சார்," என்றார் அண்ணன்.

அதன் பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் விசிறி இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை காத்திருந்தேன். சூடேறாத இன்ஜின் தரும் அளவை நம்ப முடியாது. அதன் பிறகு கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும் துளையைப் பார்த்தேன். அதன் மூடியின் மேல் அடையாளத்துக்கு நான் வைத்த பச்சை நகப்பூச்சு உடைந்திருந்தது. துளையின் விளிம்பில் புதிய கீறல். திருகைத் திருப்பும் அறுகோணக் கம்பியான ஆலன் சாவியை உள்ளே விட்டபடி ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால், உள்ளிருக்கும் நெம்புகோல் அசைந்து சாவியை விளிம்போடு நெரிக்கும். அப்படி வருவது அந்தக் கீறல். இதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு சாவியைத் துளையில் விட்டு, திருகை இடப்பக்கம் மயிரிழை அளவு திருப்பினேன். சாவியை எடுக்காமலே, மற்றக் கையை ஆக்ஸிலரேட்டர் கம்பியை நோக்கி நீட்டினேன்.

"ஐயோ, மொதல்ல சாவிய எடும்மா. அப்படியே ரேஸ் பண்ணா மாட்டிக்கும்," என்றார் கடைக்காரர்.

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தினார். "பானெட்டையே தொறக்காதவருக்கு அது எப்படிங்க தெரியும்?"

கடைக்காரர் சட்டைப் பொத்தானைத் தடவினார். "பிக்கப் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு சார். லேசாத்தான் திருப்புனேன். ஒரு கால் சுத்து."

"கால் சுத்தா? அது ஒரு கப் டீக்கு அரைக் கிலோ சக்கரை சார்," என்றார் அண்ணன்.

சாவியை எடுக்க மறந்துவிட்டேனா என்று ஆய்வாளர் கேட்டார். மறக்கவில்லை என்று பதில் கூறினேன்.

அதன் பிறகு சாவியை எடுத்து, துளையை விரலால் மூடி, ஒருமுறை ரேஸ் செய்து, அளவு நிலைக்கும்வரை பொறுத்து, மறுபடி திருப்பினேன். 5.1. 3.9. 2.4. 1.2 வந்ததும் நிறுத்தினேன். இன்ஜின் ஒரே சீராக ஓடியது. அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் புகாரைத் திரும்பப் பெற்றார். உரிமம் திரும்பக் கிடைத்தது. ஒருவர் செய்த வேலைக்கு மற்றவர் கையெழுத்திட்டதற்காக அண்ணனுக்கும் எனக்கும் தரப்பட்ட எச்சரிக்கைக் கடிதத்தையும் பெற்றுக்கொண்டோம்.

இது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை, நடந்தது இதுவே. இதில் கையெழுத்திடுவதற்கு அரை மணி நேரம் முன்பு, அந்தக் காரின் புதிய சான்றிதழில், சோதித்தவர் என்ற கட்டத்தில் முதல் முறையாகக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)