ஜெயபாய் அக்கா உடைக்கச் சொன்ன சாய்தளம்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே என்றுதான் எழுதி வந்தேன். ஆனால் மேடை காலியாக இருக்கிறது! என் சக்கர நாற்காலி மூன்று படி ஏறாது என்று கண்டதும், நீங்கள் எல்லோரும் கீழே இறங்கி வந்துவிட்டீர்கள். என்னோடு ஒரே தரையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஆசிரியர்களே, புதுக்கடை மக்களே, வணக்கம். நான் ஆதிரா, பன்னிரண்டாம் வகுப்பு.

இதைப் பார்க்க, சுயசார்பு வாழ்வு மையத்தை நிறுவிய நம் ஜெயபாய் அக்கா இன்று உயிரோடு இல்லையே!

பத்தாம் வகுப்பு வரை அப்பாதான் என்னைத் தூக்கிச் சென்று வகுப்பில் உட்கார வைப்பார். அக்கா விடாமல் மனுக் கொடுத்து, எங்கள் பள்ளிக்குச் சாய்தளம் வந்தது. திறப்பு விழாவில் ரிப்பனை வெட்டிவிட்டு, அக்கா தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டி ஏறினார். பாதியில் அது பின்னால் சரிந்தது. தள்ள நாலு பேர் ஓடினார்கள்.

"கையை எடுங்கோ! கொத்தனாரே, இது என்ன, சிதறால் மலையா?"

இதோ அமர்ந்திருக்கும் ஞானதாசன் கொத்தனார் அன்று சொன்னார்: "தள்ளதுக்கு ஆளு உண்டுல்லா அக்கா?"

"ஆளு வராத அன்னைக்கு பிள்ளை வீட்டுல இருக்கணுமா? உடச்சுட்டு நீளமா கட்டும்!"

விதிப்படி இரண்டடி உயரத்துக்கு இருபத்துநான்கு அடி நீளம் வேண்டும். பத்தடிதான் கட்டியிருந்தார்கள். உடைத்து, பள்ளி வாசலில் நிற்கும் அயனி மரத்தைச் சுற்றி வளைத்துக் கட்ட ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுவதும் அப்பா முதுகுவலியோடு என்னைத் தூக்கினார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. கிடைத்ததையும் உடைக்கலாமா?

பிறகு ஒரு காலை, நானே உருட்டி ஏறினேன். என் முதுகுக்குப் பின்னால் யார் கையும் இல்லை! அயனி மரத்தடியில் தோழி பெமிலாவோடு பேசிக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் அவள் ஓடிவிட்டாள். கணக்கு ஆசிரியை என்னை வகுப்பு வாசலில் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, மணி அடிச்ச பெறவும் எங்க கறங்கிட்டு வாற?"

அதுவரை என்னை யாராவது ஏசியிருக்கிறார்களா? பாவம் என்றுதானே பார்ப்பார்கள்? அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏச்சு வாங்கினியா மக்கா? அப்போ ராம்ப் சரியாட்டு இருக்கு."

நன்றி அக்கா! உடைக்கச் சொன்னதற்கு நன்றி. என் கோபத்தை மன்னித்துவிடுங்கள்.

இந்தக் கூடத்து மேடையின் மூன்று படி மிச்சமிருக்கிறது. ஒன்றரை அடி உயரம், பதினெட்டு அடி நீளம் வேண்டும். கூட்டம் தொடங்கும் முன்பே டேப் பிடித்து அளந்தவர் ஞானதாசன் கொத்தனார்தான். மனுவை நான் எழுதிவிட்டேன். போகும்போது கையெழுத்துப் போடுங்கள். அடுத்த ஆண்டு இதே நினைவு நாளில் அக்காவைப் பற்றி அந்த மேடையிலிருந்து பேசுவேன்.

தள்ள யாரும் வர வேண்டாம். தாமதமாக வந்தால் மட்டும் ஏசுங்கள்.